கழுகு போட்ட அரை வொன்

786
கச்சேரி ரோடு, மயிலாப்பூர்
2-3-1931

அருமைத் தம்பி ஷரஃபுதீனுக்கு, அண்ணன் அப்துல் வஹீதின் ஸலாமும் துஆவும். இங்கே எல்லோரும் அல்லாஹ் கிருபையால் சௌக்கியம். அங்கே ஜப்பானில், கோபேயில் குளிர் விட்டதா? உன் பழைய மார்ச்சளி எட்டிப் பார்க்காமல் இருக்கிறதா?

பெருநாளைக்கு இரண்டு நாள் முன்னால் உன் பார்சல் வந்தது. அந்த இருபது ஜொன் கொரியா வெள்ளிக்காசை லஸ் கடைக்கு எடுத்துப்போய், கடிகாரம் பார்க்கிற கண்ணாடியை மாட்டிக்கொண்டு அரை மணி நேரம் பார்த்தேன். சுருண்டு கிடக்கிற டிராகனுக்கு ஒவ்வொரு செதிலும் தெரிகிறது. ரிப்பேருக்குக் கொடுத்தவன் ஒருத்தன் வந்து, "இன்னா பாய், எப்ப வந்தாலும் காசையே பாத்துக்கினு கீறே, என் கடியாரம் இன்னாச்சு?" என்று சத்தம் போட்டான். போட்டுவிட்டுப் போகட்டும்.

நம் வக்கீல் சங்கரன் ஆழ்வார்பேட்டை வீட்டை விட்டு மாம்பலத்தில் பனகல் பார்க் பக்கம் புது பங்களா கட்டிப் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமைக் காசு ஜமா இப்போது அங்கேதான். அவரிடம் சோழன் காசு, பாண்டியன் காசு, பாதுஷா காசு எல்லாம் பெட்டி பெட்டியாக இருக்கின்றன. ஆனால் எதுவும் முடிந்தபாடில்லை, முடியவும் முடியாது. நான் பிடித்ததோ கொரியா. அங்கே சக்கரவர்த்தி என்று பட்டம் கட்டிக்கொண்டு ஆண்டது மொத்தம் பதின்மூன்று வருஷம். அதற்கப்புறம் ஜப்பான்காரன் நாட்டையும் விழுங்கி, காசையும் உருக்கிவிட்டான். தங்கம் நமக்கு எட்டாது. வெள்ளி, நிக்கல், செம்பு மூன்றும் ஒரே தட்டில் அடங்கிவிடும். ஒரு சாம்ராஜ்யத்தை முழுசாக முடித்தவன் மெட்ராஸில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

இனி ஒரே ஒரு குழிதான் காலி. அரை வொன், வெள்ளி, நம் ரூபாய் அளவு. டிராகனுக்குப் பதிலாகச் சிறகு விரித்த கழுகு போட்டது. வக்கீலின் இங்கிலீஷ் புத்தகத்தில் படம் பார்த்தேன். நீ கொரியாவில் கெய்ஜோ பட்டணத்துக்கு ஜவுளி மாதிரிகள் எடுத்துக்கொண்டு போகும்போது விசாரி.

ஷம்ஷாத் சௌக்கியம். ஸலாம் சொல்லச் சொன்னாள். அவளை அங்கே அனுப்புவது பற்றி எழுதியிருந்தாய். ஆகட்டும், பார்க்கலாம். வேளாவேளைக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
அப்துல் வஹீத்


786
கோபே
11-4-1931

மரியாதைக்குரிய பாய்ஜானுக்கு, தம்பி ஷரஃபுதீனின் ஸலாம். நான் நலமாக இருக்கிறேன். உங்களுக்கும் பாபிக்கும் நல்ல சுகத்தைத் தர அல்லாஹ்விடம் கேட்கிறேன்.

மலைச்சரிவில் ஒரு மாடிப் போர்ஷன் பிடித்திருக்கிறேன். இரண்டு அறை. ஜன்னலில் நின்றால் துறைமுகம் தெரியும். மண் அடுப்பு ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். நான் எங்கே சமைக்கப் போகிறேன்? ஷம்ஷாத் வந்தால் ஆகும் என்றுதான்.

நிக்காஹ் முடிந்து நாலாம் மாதம் கப்பல் ஏறியவன் நான். இரண்டு வருஷம் ஆகிவிட்டது. பெற்றவர்கள் இல்லாத பெண் என்று ஆற்காட்டிலிருந்து அவளுடைய மாமூ நம்மை நம்பிக் கொடுத்தார். எங்கள் கம்பெனிப் பங்காளி மெஹபூப் அலி ஜூன் மாதம் தன் பீபியோடு மெட்ராஸ் வருகிறார், ஜூலை கடைசியில் திரும்புகிறார். அந்த அம்மாள் கூட இருப்பதால் துணைக்குக் குறைவில்லை. பாஸ்போர்ட்டுக்கு மட்டும் ஏற்பாடு செய்துவிடுங்கள், போதும்.

இன்னொன்று. ஒவ்வொரு கடிதத்திலும் "ஷம்ஷாத் ஸலாம் சொன்னாள்" என்று எழுதுகிறீர்கள். அவளுக்கு எழுதத் தெரியாது என்பது எனக்குத் தெரியும். அவள் வாயால் சொல்வதை அப்படியே நாலு வரி எழுதுங்கள் பாய்ஜான். மளிகைச் சாமான் விலையைச் சொன்னாலும் சரி, அதையே எழுதுங்கள்.

கெய்ஜோவில் கழுகைத் தேடுகிறேன். பாபிக்கு ஸலாம்.

உங்கள் தம்பி,
ஷரஃபுதீன்


786
மயிலாப்பூர்
20-6-1931

அன்புத் தம்பிக்கு ஸலாம், துஆ. வீட்டில் யாவரும் க்ஷேமம். எனக்குத்தான் முழங்கால் வலி.

முஹர்ரம் பஞ்சா இந்த வருஷமும் நன்றாக நடந்தது. தெப்பக்குளத்தங்கரையில் நிற்க இடமில்லை. மெஹபூப் அலி வந்தார். பிரியாணி போட்டோம், நல்ல மனுஷர். ஆனால் ஷரஃபு, இந்த ஜூலையில் அனுப்புவது சரிப்படாது. பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ வேண்டுமாம். நம் வீட்டுப் பெண்ணை உட்காரவைத்து, எவனோ ஒரு படக்காரன் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு பார்ப்பதா? நான் இதைச் சொன்னால் உன் பாபி கமர் ஜஹான், "துணிக்குள்ள தலையைவுட்டா அவனுக்குத்தானே இருட்டு, நமக்கின்னா?" என்கிறாள். அவளோடு யார் பேசி ஜெயிப்பது?

பதறாத காரியம் சிதறாது. மெஹபூப் அலி ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வருகிறவர். அடுத்த நடைக்குப் பார்த்துக்கொள்ளலாம். ஷம்ஷாத்துக்கு இங்கே என்ன குறை? ஸலாம் சொல்லச் சொன்னாள்.

இருக்கட்டும், கழுகைப் பற்றி "தேடுகிறேன்" என்று ஒரு வார்த்தையோடு முடித்துவிட்டாயே! எங்கே தேடினாய்? யாரைக் கேட்டாய்? போன ஞாயிறு வக்கீல் என் தட்டைப் பார்த்துவிட்டு, "பல் செட்டுல முன்பல் இல்லாத மாதிரின்னா இருக்கு வஹீத்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் ஜீரணமாகவில்லை.

கம்பளி இல்லாமல் வெளியே போகாதே.

இப்படிக்கு,
அப்துல் வஹீத்


786
கோபே
3-9-1931

பாய்ஜானுக்கு ஸலாம். நலம். அனைவர் நலமும் அறிய ஆவல்.

மெஹபூப் அலி வந்த கப்பலைப் பார்க்க நானும் போயிருந்தேன். உங்கள் கடிதம் முன்னாலேயே வந்துவிட்டது, அவள் வரவில்லை என்று தெரியும். தெரிந்தும் போனேன். கடைசி ஆள் இறங்கும் வரைக்கும் நின்றேன்.

அவர் ஒன்று சொன்னார். சொல்வதா வேண்டாமா என்று யோசித்துத்தான் சொன்னார். பாஸ்போர்ட் ஜூன் கடைசியிலேயே வந்துவிட்டதாம். பாபியே கூட்டிப்போய்ப் படம் எடுத்துக் கொடுத்தாராம். அது லஸ் கடையில் உங்கள் மேஜை டிராயரில் கிடக்கிறதாம். அவர் கேள்விப்பட்டது தப்பாக இருக்கலாம். தப்பு என்று நீங்கள் ஒரு வரி எழுதினால் போதும்.

கெய்ஜோவுக்குப் போனேன். நான் தங்குகிற சத்திரத்தின் சொந்தக்காரர் கிழவர். சக்கரவர்த்தி இருந்த காலத்தில் அரண்மனைக் காவலில் சிப்பாயாக இருந்தவர். அவரிடம் கழுகு இருக்கிறது. தலையணைக்குள் தைத்து வைத்திருக்கிறார். கதவைத் தாழிட்டுவிட்டு ஒரே ஒரு தடவை காட்டினார். தன் நாட்டின் பெயர் எழுதிய பொருளாகத் தன்னிடம் மிஞ்சியது அது ஒன்றுதான் என்றார். தரமாட்டேன் என்றார். நான் வற்புறுத்தவில்லை.

ஷம்ஷாத் சொன்னதை நீங்கள் எழுதவில்லை.

தம்பி,
ஷரஃபுதீன்


786
மயிலாப்பூர்
12-10-1931

அன்புத் தம்பிக்கு ஸலாம். நாங்கள் நலம். மழை பிடித்துக்கொண்டது, தெருவெல்லாம் சேறு.

உன் கடிதத்தில் என்ன இப்படி உஷ்ணம்? டிராயரில் பாஸ்போர்ட் இருந்தால் அவள் கப்பலில் இருப்பதாக அர்த்தமா? திடீரென்று அனுப்பி உன்னை ஆச்சரியப்படுத்தலாம் என்று சொல்லாமல் வைத்திருந்தேன். அதற்குள் மெஹபூப் அலிக்கு வாய் பொறுக்கவில்லை. உன்னைத் தூக்கி வளர்த்தவன் நான். பாவா மௌத்தான அன்று உன் கையைப் பிடித்து என் கையில்தான் கொடுத்தார். உனக்கு நான் கெடுதல் செய்வேனா?

"நான் வற்புறுத்தவில்லை" என்று எழுதியிருக்கிறாயே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கிழவன் தலையணைக்குள் அது கிடந்து யாருக்கு லாபம்? அவன் கண்ணை மூடினால் பேரன் எவனாவது உருக்கி மோதிரம் செய்துகொள்வான். என் தட்டில் இருந்தால் அந்த நாட்டுக்கே ஒரு மரியாதை. இப்படி அவனுக்கு எடுத்துச் சொல்லத் தெரியவில்லையா உனக்கு? அங்கேயிருந்து கழுகு பறந்து வரட்டும், மறுநாளே இங்கேயிருந்து உன் மைனாவைப் பறக்கவிடுகிறேன். தமாஷுக்குச் சொன்னேன், கோபித்துக்கொள்ளாதே.

ஷம்ஷாத்துக்கு மழைக்குக் கொஞ்சம் இருமல், வேறொன்றுமில்லை. ஸலாம் சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு,
அப்துல் வஹீத்


786
கோபே
28-11-1931

பாய்ஜானுக்கு ஸலாம்.

நீங்கள் தமாஷுக்குச் சொன்னதை நான் தமாஷாக எடுத்துக்கொள்ளவில்லை. மறுபடி கெய்ஜோ போனேன். கழுகு கிடைத்துவிட்டது.

எப்படி என்று கேட்பீர்கள், சொல்லிவிடுகிறேன். கிழவர் பணத்தைத் தொடமாட்டேன் என்றார். மூன்று நாள் அவர் எதிரில் உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் நாள், என் மனைவி இந்தக் காசுக்காக ஊரில் காத்திருக்கிறாள் என்று சொன்னேன். பாதி அவர் பாஷை, பாதி ஜப்பான் பாஷை. அவர் என்ன புரிந்துகொண்டாரோ, எழுந்துபோய்த் தலையணையைப் பிரித்தார். சும்மா வாங்க எனக்கு மனசு வரவில்லை. நான் கப்பல் ஏறும்போது நீங்கள் கொடுத்த கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்தேன். அவர் அதைக் காதில் வைத்துக் கேட்டார். அப்புறம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் வெளியே வரும் வரைக்கும் திரும்பவில்லை. இதற்கு முன் எந்த வீட்டிலிருந்தும் நான் அப்படித் தலை குனிந்து வந்ததில்லை.

காசை மெஹபூப் அலியிடம் கொடுத்தனுப்புகிறேன். அவரும் பீபியும் ஜனவரியில் மெட்ராஸில் இருப்பார்கள், பிப்ரவரி நடுவில் கப்பல். ஷம்ஷாத் அவர்களோடு வரட்டும். இனி உங்களுக்குச் சொல்ல வேறு காரணம் எதுவும் மிச்சமில்லை என்று நினைக்கிறேன்.

அவள் இருமல் எப்படி இருக்கிறது? விவரமாக எழுதுங்கள்.

ஷரஃபுதீன்


786
மயிலாப்பூர்
24-1-1932

என் கண்ணான தம்பிக்கு ஆயிரம் துஆ. ரம்ஜான் மாதத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன், இந்த துஆ வீண் போகாது. உன் உடம்பு நலமா? நான் ரொம்ப நலம். முழங்கால் வலிகூடத் தெரியவில்லை!

வந்துவிட்டது. மெஹபூப் அலி பொட்டலத்தை நீட்டியதும் அவரை உட்காரக்கூடச் சொல்லாமல் வாங்கிக்கொண்டேன். பிரித்து விளக்கடியில் வைத்தேன். ஷரஃபு, படத்தில் பார்த்தது வேறு, இது வேறு. சிறகில் ஒவ்வொரு இறகும் தனித்தனியாக நிற்கிறது. முப்பது வருஷம் தலையணைப் பஞ்சுக்குள் கிடந்ததால் ஒரு கீறல் இல்லை. தட்டில் அந்தக் குழியில் வைத்தேன், அளவெடுத்தது மாதிரி உட்கார்ந்தது. நோன்பு திறக்க நேரமானதுகூடத் தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். உன் பாபி வந்து விளக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

வக்கீலுக்கு வாயால் சொன்னதோடு சரி. "என்ன வஹீத், நெஜமாவா சொல்றீர்? எடுத்துண்டு வாரும், கண்ணால பார்த்தாத்தான் நம்புவேன்" என்றார். பெருநாள் கழியட்டும், ஒரு ஞாயிற்றுக்கிழமை தட்டோடு போய் நடுக்கூடத்தில் வைக்கிறேன்.

பிப்ரவரி 15 கப்பல். ஷம்ஷாத்துக்கு டிக்கெட் எடுத்தாகிவிட்டது. கொடுத்த வாக்கை இந்த வஹீத் மீறமாட்டான். அவளுக்கு லேசாக உடம்பு கணகணவென்றிருக்கிறது. கடல் காற்று பட்டால் போய்விடும்.

இப்படிக்கு, உன்மேல் பிரியமுள்ள அண்ணன்,
அப்துல் வஹீத்


786
மயிலாப்பூர்
22-2-1932

தம்பி ஷரஃபுதீனுக்கு ஸலாம். எனக்குச் சௌக்கியம் இல்லை. ஏன் என்று கேள்.

கண் படக்கூடாது என்று பெருநாளிலிருந்தே தட்டைப் பட்டுத்துணியில் மூடி அலமாரியில் வைத்திருந்தேன்; நேற்று ஞாயிற்றுக்கிழமை துணியைப் பிரிக்காமலே எடுத்துக்கொண்டு, குதிரை வண்டி வைத்து மாம்பலம் போனேன். ஜமாவில் பதினோரு பேர். பெங்களூரிலிருந்துகூட ஒருத்தர் வந்திருந்தார். நான் கொரியாவின் கதையைச் சொல்லி, கிழவன் தலையணையைச் சொல்லி, எல்லோரும் கழுத்தை நீட்டிக்கொண்டிருக்கும்போது துணியை எடுத்தேன். கழுகு இருக்க வேண்டிய குழியில் ஐந்தாம் ஜார்ஜ் இருக்கிறார்! நம் கடைத்தெரு ரூபாய்! வக்கீல் குனிந்து பார்த்துவிட்டு, "பேஷ், கொரியா வரைக்கும் நம்ம ராஜாவோட ஆட்சி போயிடுத்து போலிருக்கே" என்றார். அத்தனை பேர் சிரிப்புக்கு நடுவில் நான் தட்டை மூடிக்கொண்டு எழுந்து வந்தேன். என் வாழ்நாளில் இப்படி ஒரு அவமானம் பட்டதில்லை.

அலமாரிப் பூட்டு உடையவில்லை. சாவி என் இடுப்பில்தான் இருக்கிறது. வீட்டைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்துவிட்டேன். உன் பாபியைக் கேட்டால், "உங்க காசைப் பத்தி எங்கிட்ட இன்னாத்துக்குக் கேக்கிறீங்க?" என்று அடுப்பங்கரைக்குப் போய்விடுகிறாள்.

15-ஆம் தேதி வீட்டை விட்டு வெளியே போனவள் ஒருத்திதான். பெட்டி வந்ததும் முதல் வேலையாக நீயே பிரித்துப் பார். புடவை மடிப்பு, வெற்றிலைப் பெட்டி, செருப்பு, ஒன்று விடாதே. கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் தந்தி அடி.

அப்துல் வஹீத்


786
மயிலாப்பூர்
4-4-1932

ஷரஃபுதீனுக்கு.

ஆறு வாரம் ஆயிற்று. தந்தியும் இல்லை, தபாலும் இல்லை. இப்போது எனக்குப் புரிகிறது.

காசைக் காட்டிப் பெண்டாட்டியை வரவழைத்தாய். அவள் கையிலேயே காசையும் திருப்பி வரவழைத்துக்கொண்டாய். அண்ணன் முட்டாள். ஊர் சிரிக்க ரூபாயை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கட்டும், அப்படித்தானே? வளர்த்த கடா மார்பில் பாய்ந்தது என்பார்கள். நீ ஆற அமர யோசித்துப் பாய்ந்திருக்கிறாய். அங்கே எவனாவது வெள்ளைக்காரச் சேகரிப்பாளன் ஆசை காட்டினானா? அல்லது அந்தக் கிழவனிடமே திருப்பிக் கொடுத்துப் பெரிய மனுஷன் ஆகிவிட்டாயா?

அந்தக் குழியை ஒவ்வொரு நாளும் பார்க்கிறேன். உனக்கு என்ன தெரியும்? உனக்குக் காசு வெறும் காசு.

திருப்பி அனுப்பு. அது வரும் வரைக்கும் எனக்குத் தம்பி என்று ஒருத்தன் இல்லை.

அப்துல் வஹீத்


786
மயிலாப்பூர்
10-4-1932

தம்பி ஷரஃபுதீனுக்கு கமர் ஜஹான் பாபியின் ஸலாம். நீயும் ஷம்ஷாத்தும் நலமாக இருக்கிறீர்களா? என் எழுத்து கோழி கிளறிய குப்பை மாதிரி இருக்கும், பொறுத்துக்கொண்டு படி. பக்கத்து வீட்டு ஜலஜா டீச்சர் விலாசம் எழுதி அவளே தபாலில் போடுகிறாள். பதிலை அவள் பேருக்கே போடு.

உன் அண்ணன் உனக்கு என்ன எழுதினார் என்று எனக்குத் தெரியும். எழுதிவிட்டு எனக்கே உரக்கப் படித்துக் காட்டினார். ஷம்ஷாத் திருடவில்லை. கழுகை எடுத்தவள் நான்.

கப்பல் ஏறுகிற அன்று காலை அவர் குளிக்கப் போனார். இடுப்புச் சாவியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டிருந்தார். அலமாரியைத் திறந்தேன், ரூபாயை வைத்தேன், கழுகை எடுத்தேன். பச்சைத் துணியில் முடிந்து ஷம்ஷாத்தின் வலது புஜத்தில் இமாம் ஜாமினாகக் கட்டினேன். பிரயாணம் போகிறவர்களுக்குக் கட்டுகிற காசுதானே, அவளும் ஒன்றும் கேட்கவில்லை. "போய்ச் சேந்ததும் நீயே அவிழ்த்து, எதிர்க்க வர்ற மொத ஏழை கையில குடுத்துடு. பிரிச்சுப் பாக்காதே" என்று சொன்னேன். ஒரு வருஷம் ஒரு பெண்ணைப் பூட்டி வைத்த காசு. ஊர் பேர் தெரியாத பிச்சைக்காரன் கஞ்சி வாங்கிக் குடிக்கட்டும் என்று நினைத்தேன். தெரிந்துதான் செய்தேன் தம்பி, இப்போதும் வருத்தமில்லை.

வருத்தம் வேறொன்றுக்கு. உனக்கு அவர் கடிதம் எழுத உட்காரும்போதெல்லாம் ஷம்ஷாத் கதவுத் திரைக்குப் பின்னால் நின்று சொல்லுவாள். நீ ஊரிலிருந்தபோது நட்ட முருங்கை காய்த்தது என்பாள், கனவு கண்டது என்பாள், அங்கே அரிசி கிடைக்குமா என்பாள். அவர் "ஊம், ஊம்" என்று கேட்டுக்கொண்டு "ஸலாம் சொன்னாள்" என்று எழுதுவார். நான் அவர் தோளுக்கு மேலே பார்ப்பேன். எனக்குப் படிக்கத் தெரியும், அவளுக்குத் தெரியாது. நான் அவளிடம் சொன்னதில்லை.

ஜனவரியில் அவளுக்கு வெறும் கணகணப்பு இல்லை. ஒரு டாக்டரம்மா வந்து பார்த்து, நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது, ஒரு மாதம் படுக்கையை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்றாள். காசு வந்தாகிவிட்டது, வாக்குக் கொடுத்தாகிவிட்டது என்றார் உன் அண்ணன். நான் உனக்கு எழுதுகிறேன் என்றதற்கு ஷம்ஷாத் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வாணாம் ஆபா. காய்ச்சல்னு தெரிஞ்சா அவரு வராதேன்னுடுவாரு. அப்புறம் இன்னும் ஒரு வருஷம் இங்கியே கெடக்கணும்" என்றாள். நானும் வாயை மூடிக்கொண்டேன்.

வந்ததும் நன்றாகச் சாப்பிட வை. அந்த இருமல் போயிற்றா? காசை யாருக்குக் கொடுத்தாள்? நீ இன்னும் எழுதவில்லையே. சீக்கிரம் எழுது. நான்தான் எடுத்தேன் என்று உன் அண்ணனுக்கு எழுதினாலும் எழுது, எனக்குப் பயமில்லை.

உன் பாபி,
கமர் ஜஹான்


கோபே
20-5-1932

அப்துல் வஹீத் அவர்களுக்கு ஷரஃபுதீன் எழுதுவது.

ஷம்ஷாத் இங்கே வந்து சேரவில்லை. பினாங்கு தாண்டியதும் காய்ச்சல் அதிகமாகி, சிங்கப்பூரில் கப்பலை விட்டு இறக்கினார்கள். பிப்ரவரி 27-ஆம் தேதி மௌத்தாகிவிட்டாள். அங்கேயே அடக்கம். மெஹபூப் அலி எனக்குத் தந்தி அடித்தார். உங்களுக்கு நான் சொல்லிக்கொள்கிறேன் என்று அவரைத் தடுத்துவிட்டேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். அவள் போன பிறகு உங்களிடமிருந்து முதலில் வரும் கடிதத்தில் அவளைப் பற்றி என்ன விசாரிக்கிறீர்கள் என்று பார்க்கக் காத்திருந்தேன். மார்ச் கடைசியில் வந்தது. அவள் செருப்புக்குள் பார்க்கச் சொல்லியிருந்தீர்கள். இன்னொன்றுக்கும் காத்திருந்தேன். அது போன வாரம் வந்தது. அதில் அவள் பெயர்கூட இல்லை.

பெட்டியைப் பிரித்துப் பார்த்தேன், நீங்கள் சொன்னதற்காக இல்லை. நாலு புடவை, ஒரு பொட்டலம் உலர்ந்த முருங்கைக்கீரை, எனக்குப் பின்னிய ஒரு கம்பளி மப்ளர். மப்ளர் முக்கால்வாசிதான் முடிந்திருக்கிறது. காசு பெட்டியில் இல்லை. குளிப்பாட்டும்போது மெஹபூப் அலியின் பீபி அவள் புஜத்திலிருந்து அவிழ்த்தது. போய்ச் சேர்ந்த இடத்தில் கொடுக்க வேண்டிய காசு, இவள் போய்ச் சேரவில்லையே, யாருக்குக் கொடுப்பது என்று தெரியாமல் அப்படியே கொண்டுவந்து என் கையில் வைத்தார். அவிழ்த்துப் பார்த்தபோதுதான் எனக்கே தெரியும்.

பாபிதான் கட்டியிருக்கிறார். அவரை ஒரு வார்த்தை கேட்காதீர்கள். அந்த வீட்டில் ஷம்ஷாத் பேசியதைக் காது கொடுத்துக் கேட்டது அவர் ஒருத்தர்தான். இந்தச் செய்தியை அவரிடம் நீங்கள் சொல்ல வேண்டாம். ஜலஜா டீச்சருக்குத் தனியாக எழுதியிருக்கிறேன், அவர் சொல்லுவார்.

கெய்ஜோ போய்க் கிழவரிடமே திருப்பிக் கொடுக்கலாம் என்று போனேன். சத்திரத்தில் வேறு ஆள் இருந்தார். கிழவர் மாசி மாதக் குளிரில் போய்விட்டாராம். என் கடிகாரத்தை அவரோடு புதைத்தார்களாம்.

இரண்டு மாதமாக இந்தக் காசைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அலைந்தேன். துறைமுகத்து வாசலில் பிச்சைக்காரர்கள் இருக்கிறார்கள். ஒரு கண் தெரியாத ஆள்கூட இருக்கிறான். ஒவ்வொரு தடவையும் கையை உள்ளே விட்டேன், கொடுக்கவில்லை. இமாம் ஜாமின் காசை அதிகம் இல்லாதவனாகப் பார்த்துக் கொடுக்க வேண்டும் என்று பாவா சொல்வார். உங்கள் இரண்டு கடிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்த பிறகு, உங்களைவிட ஏழை எவனையும் நான் பார்த்ததில்லை என்று தெரிந்துகொண்டேன்.

அதனால் இதனுடன் ரிஜிஸ்டர் தபாலில் காசை அனுப்பியிருக்கிறேன். ஷம்ஷாத் பேரால் கொடுக்கிற தர்மம் இது. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஷரஃபுதீன்